கார்னெல் வாட்லி போட்ட கூடை

அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஒருவன் நல்லது செய்யப்போய்க் காரியத்தைக் கெடுத்துவிட்டால், ‘வாட்லி பண்ணிட்டான்’ என்று சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான், அவன் அதே ஊரில் கார் விற்கிற கடையொன்றில் வேலை பார்க்கிறான் என்பது அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தெரியாது.

கார்னெல் அந்த ஊரிலேயே பிறந்தவன். அப்பா கண்ணாடித் தொழிற்சாலையில் உலையடியில் நின்றவர். பையன் ஆறரை அடி வளர்ந்தான். பள்ளியில் கூடைப்பந்து ஆடினான், கல்லூரியில் நன்றாகவே ஆடினான். ஆனால் வருடாவருடம் லீக் அணிகள் புதுப் பையன்களைப் பெயர் சொல்லி எடுக்கிற நாளில், கடைசிப் பெயர் வாசித்து முடிக்கும்வரை அவனுடைய பெயர் வரவில்லை. அதற்குப் பிறகு அவனுக்குக் கிடைத்ததெல்லாம் அடுத்தவன் காலொடிந்த வேலைதான். எங்காவது ஒருத்தன் கணுக்காலைப் பிசகிக்கொண்டால் இவனைக் கூப்பிடுவார்கள். கால் சரியானதும் அனுப்பிவிடுவார்கள். தன்னை வேறு அணிக்குத் தள்ளிவிட்ட செய்தியை ஒரு தடவை விமான நிலையத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓட்டினான். மனைவி ரொலாண்டா பெட்டிகளை முழுசாகப் பிரிப்பதையே விட்டுவிட்டாள்.

முப்பத்துமூன்றாம் வயதில், எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, சொந்த ஊர் அணியான டொலிடோ ஸ்டோக்கர்ஸ் அவனைக் கூப்பிட்டது.

அப்போது ஸ்டோக்கர்ஸ் அணிக்குப் புதிதாக ஒரு பொது மேலாளர் வந்திருந்தான். கிரெய்க் ஹால்வர்சன். வாழ்க்கையில் பந்தைத் தொட்டவனில்லை; இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆபத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன். வந்த கோடையிலேயே அணியின் இரண்டு பெரிய ஆட்டக்காரர்களையும் விற்றான். மாற்றாக வரும் வருடங்களில் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை வாங்கிப் போட்டான். பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, வீட்டை இடித்துத்தான் கட்ட முடியும் என்றான். லீக்கின் விதி அப்படி: எந்த அணி அதிகம் தோற்கிறதோ, அதற்குத்தான் அடுத்த வருடக் குலுக்கலில் முதல் பையனை எடுக்கும் வாய்ப்பு அதிகம். அந்த வருடம் வரவிருந்த பையன் டேவியன் ரூக். வயது பதினெட்டு, உயரம் ஏழடி, ஓடினால் சின்னப் பையன்களைப்போல் ஓடுவான். அவனை எடுக்கிற ஊருக்குப் பதினைந்து வருடம் தீபாவளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹால்வர்சன் கார்னெலைத் தன் அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தான்.

“உன்னை இந்த ஊருக்குப் புடிக்கும். இந்த வருஷம் ஜனங்களுக்குப் புடிச்சது ஒண்ணாவது இங்க இருக்கணும்ல.”

“நான் ஆடுவேனா சார், இல்ல பெஞ்சுலதானா?”

“நெறைய ஆடுவே. இதுவரைக்கும் எங்கயும் ஆடாத அளவுக்கு.”

கார்னெல் வீட்டுக்குப் போய் ரொலாண்டாவைத் தூக்கிச் சுற்றினான். இந்த முறை பெட்டியையெல்லாம் பிரி என்றான். அவனை நிறைய ஆடவிடுவதற்குக் காரணம் அவன் சுமாரான ஆட்டக்காரன் என்பதுதான். அது அன்றைக்கு அவனுக்கு உறைக்கவில்லை.

தோற்றுப்போ என்று அந்த அணியில் யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பொறுமை என்பார்கள், வளர்ச்சி என்பார்கள். கோச் பெர்காமோ நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் சம்பளம் கொடுப்பவன் ஹால்வர்சன். ஆட்டம் கையில் இருக்கும்போது, நன்றாக ஆடுகிறவனைப் பார்த்துக் கையைக் காட்டுவார். அவன் வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். திடகாத்திரமான பையன்களுக்கெல்லாம் திடீர் திடீரென்று முதுகு வலித்தது. சின்னப் பையன்கள் ஒரே மாதத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். கார்னெலுக்குக் கிறிஸ்துமஸ் வரை ஆயிற்று. அதுவும் குவென்டன் என்ற பையன் உடை மாற்றும் அறையில் போட்டு உடைத்த பிறகுதான். கார்னெல் தரையில் விழுந்து புரண்டு ஒரு பந்தைக் காப்பாற்றி, முழங்கை தோலுரிந்து வந்து உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, நீங்க எந்த ஆட்டம் ஆடிக்கிட்டிருக்கீங்க? நாங்கல்லாம் வேற ஆட்டம் ஆடறோம்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். கார்னெலும் சிரித்தான். அன்றிரவு சாப்பிடும்போது ரொலாண்டாவிடம் சொன்னான். அவள் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டிருந்தாள். அவன் சந்தோஷமாக இருக்கிறானே என்று சொல்லாமல் இருந்தாளாம்.

ஊரும் அதில் சேர்ந்துகொண்டது. ஜனவரி பனியில் அரங்குக்கு வருகிறவர்கள் டேவியன் ரூக்கின் முகத்தை அட்டையில் வெட்டி மூஞ்சியில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். எதிரணி கூடை போட்டால் கைதட்டினார்கள். டோர் தெருவில் முடிவெட்டும் லூதர், கார்னெலைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவன், கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே சொன்னான்: “டேய், நீ நல்லவன்டா. அதனால சொல்றேன். இன்னும் கொஞ்ச நாள் சும்மா இரு. அந்தப் பையன் வந்துட்டா நம்ம ஊரு பொழச்சுக்கும். உன் பேரைச் சொல்லிக் கும்பிடுவோம்.” கார்னெல் தலையை ஆட்ட முடியாததால் சரி என்று முனகினான்.

ஏப்ரலில் கடைசி ஆட்டம் வந்தது. அதற்குள் இன்னோர் அணியும் போட்டி போட்டுக்கொண்டு தோற்றுவந்ததால், இரண்டும் அடிமட்டத்தில் சமமாக நின்றன. அந்த இன்னோர் அணி அன்று மத்தியானமே தன் ஆட்டத்தைத் தோற்று முடித்துவிட்டது. பழைய வருடக் கணக்குப்படி, சமமாக முடிந்தால் கடைசி இடம் டொலிடோவுக்கு. ஆக அன்று சாயங்காலம் தோற்றால் போதும். பார்க்கப்போனால் கடைசி இடத்துக்கும் அதற்கு முந்தின இடத்துக்கும் குலுக்கலில் வாய்ப்பு ஒன்றேதான். ஆனால் கடைசி இடம் என்பது ஊருக்கு ஒரு வெறியாகவே ஆகியிருந்தது.

நல்ல கால் உள்ளவர்களுக்கெல்லாம் ஓய்வு கொடுத்ததற்காக லீக் ஏற்கெனவே அணிக்கு அபராதம் போட்டிருந்தது. லீக் ஆட்கள் இரண்டு பேர் அன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதனால் பெர்காமோ யாரையும் ஒளித்துவைக்க முடியவில்லை. இருப்பதிலேயே மோசமானவர்களை ஆடவிட்டார். எதிரணியோ மேல்சுற்றுக்கு எப்போதோ போய்விட்ட அணி. அவர்களும் பெஞ்சில் கிடந்தவர்களைத்தான் இறக்கினார்கள். இரண்டு பக்கமும் ஒருவரும் ஜெயிக்க விரும்பாத ஆட்டம். அதில் ஒருத்தன் மட்டும் ஆடினான்.

அன்று கார்னெலுக்கு எதைப் போட்டாலும் விழுந்தது. ஏனென்று அவனுக்கே தெரியாது. ரொலாண்டா பின்வரிசையில் ஆறு வயது மகள் நரீசாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவன் ஒவ்வொரு கூடை போடும்போதும் சுற்றிலும் இருந்தவர்கள் அவனைப் பெயர் சொல்லித் திட்டுவதைக் கேட்டாள். மகளின் காதைப் பொத்தினாள். பெர்காமோ அவனை வெளியே எடுக்கப் பார்த்தார். இரண்டு பேர் ஃபவுல் கணக்கு மீறி வெளியேறிவிட்டார்கள், ஒருவன் நிஜமாகவே காலைப் பிசகிக்கொண்டான், மாற்று ஆளில்லை. அவர் கார்னெலின் தோளைத் தொட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள் என்றார். களைப்பாயில்லை கோச் என்று கார்னெல் சொன்னான்.

ஒரு புள்ளி பின்னால் இருந்தபோது, சில நொடிகள் மிச்சமிருக்க, குவென்டன் பந்தை இடது மூலைக்கு வீசினான். கார்னெல் எப்படியும் தவறவிடுவான், பழி தன் மேல் விழாது என்றுதான் வீசியதாகப் பிறகு அவன் சொன்னான். அரங்கம் முழுவதும் ஒரே குரலாகத் ‘தவறவிடு, தவறவிடு’ என்றது.

அந்த நொடியில் என்ன நினைத்தாய் என்று கார்னெலை எத்தனையோ பேர் கேட்டாயிற்று. அவன் நினைத்தது இதுதான்: இத்தனை வருடத்தில், இத்தனை அணியில், ஆட்டத்தின் கடைசிப் பந்தை ஒரு கோச்சும் தன்னை நம்பிக் கொடுத்ததில்லை. இன்றைக்குத்தான் கையில் வந்திருக்கிறது. அதுவும் தோற்பான் என்று நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

போட்டான். வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

தன் சொந்த ஊரில், தன் ஆட்களே தன்னைப் பார்த்து ஊளையிடுகிற சத்தத்தை அவன் நடு மைதானத்தில் நின்று கேட்டான். பியர்க் குவளைகள் பறந்தன. ஒன்று ரொலாண்டாவின் நெற்றியில் பட்டு உடைந்தது. நரீசா, “அப்பா போட்டுட்டாருல்ல, ஏம்மா அடிக்கறாங்க?” என்று கேட்டு அழுதாள். சக ஆட்டக்காரர்கள் கைகுலுக்காமல் உள்ளே போனார்கள். லீக் ஆள் ஒருவர் மட்டும் எழுந்து வந்து நல்ல ஆட்டம் என்றார்.

மறுநாள் காலை ஹால்வர்சன் கூப்பிட்டனுப்பினான். இந்தத் தடவை காபி இல்லை. ஆனால் குரல் மெத்தென்று இருந்தது.

“நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல முடியாது. சொன்னா எனக்கு அபராதம் போடுவாங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த ஊருல ரெண்டு லட்சம் பேருக்குப் புரிஞ்சது, உனக்குப் புரியலையே.”

“எங்கிட்ட நீங்க யாரும் சொல்லலையே சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

அவனை அணியிலிருந்து நீக்கிய அறிவிப்பு, அவன் காருக்குப் போய்ச் சேருவதற்குள் வந்துவிட்டது.

மே மாதம் குலுக்கல் நடந்தது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பிங்பாங் பந்துகள் குதிக்கும். வெளியே வருகிற எண்களின் சேர்க்கை எந்த அணிக்கு ஒதுக்கியதோ, அதற்கு முதல் பையன். வந்த சேர்க்கை, கடைசி இடத்தில் முடித்த அணிக்கு ஒதுக்கியது. அதாவது கார்னெல் அந்தக் கூடையைப் போடாமலிருந்தால் டொலிடோவுக்கு வந்திருக்க வேண்டியது. உள்ளூர் வானொலிக்காரன் ஒருவன் அன்றைக்கே இதைக் கண்டுபிடித்து, கோடை முழுவதும் தினமும் சொன்னான். டேவியன் ரூக் மேற்கே ஒரு வெயில் ஊருக்குப் போனான். அவனை வைத்து அந்த ஊர் மூன்று கோப்பை வாங்கியது. டொலிடோவுக்குக் கிடைத்தது ஐந்தாவது தேர்வு. எடுத்த பையன் முதல் குளிர்காலத்திலேயே பாத எலும்பை உடைத்துக்கொண்டான், பிறகு ஓடவில்லை.

ஹால்வர்சனுக்கு ஒன்றும் ஆகவில்லை. திட்டம் சரியானதுதான், ஒரு ஆளின் கை கெடுத்துவிட்டது என்று அணியின் முதலாளி நம்பினார். ஒப்பந்தத்தை நீட்டித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மோசமான வருடத்தின் முடிவிலும் ஹால்வர்சன் பத்திரிகைக்காரர்கள் முன்னால் பெருமூச்சு விட்டு, “அந்த ஒரு சாயங்காலம்” என்பான். பெயரைச் சொல்லவே மாட்டான். சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

கார்னெலுக்கு வேறு அணி கிடைக்கவில்லை. அவனுடைய ஏஜென்ட் எல்லா ஊருக்கும் போன் போட்டுப் பார்த்துவிட்டு, சொல்லாததைப் புரிந்துகொள்ளாத ஆள் எங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள் என்று சொன்னான். துருக்கியில் ஒரு சிறிய அணியில் ஒரு வருடம் ஆடினான். அங்கே முழங்கால் போயிற்று. ரொலாண்டாவின் அம்மா படுக்கையில் விழுந்ததால் திரும்ப டொலிடோவுக்கே வரவேண்டியதாயிற்று. வேறு எங்காவது போய்விடலாம் என்று ரொலாண்டா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். நம்ம ஊர்தானே, மறந்துவிடுவார்கள் என்பான்.

மறக்கவில்லை. கார்க்கடைக்காரர் அவனுடைய பெயருக்காகத்தான் வேலைக்கு வைத்தார். வந்தவர்கள் கார் பார்க்க வரவில்லை, அவனைப் பார்த்துச் சிரிக்க வந்தார்கள். ஆகவே பின்பக்கம் உதிரிப் பாகம் எடுத்துக்கொடுக்கிற இடத்துக்கு அனுப்பினார். லூதர் மட்டும் முடிவெட்ட மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கு மேலே ரூக்கின் படத்தை மாட்டி வைத்திருந்தான். உட்காருகிற ஒவ்வொரு முறையும் கார்னெல் தன் தலைக்கு மேலே அவனைப் பார்க்க வேண்டியிருந்தது.

நரீசா வளர்ந்து பள்ளி அணியில் சேர்ந்தாள். அப்பாவைப்போல் மூலையிலிருந்து போடுவாள். ஒரு நாள் சட்டையின் முதுகில் போடுகிற பெயருக்கு அம்மா வீட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். கார்னெல் ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, மகள் மைதானத்தில் இறங்கியபோதுதான் அதைப் பார்த்தான். ஆட்டம் முடிந்ததும் நன்றாக ஆடினாய் என்றான்.

அந்தக் கூடைக்குப் பன்னிரண்டாவது வருடம் ஸ்டோக்கர்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஹால்வர்சன் அதற்குள் பெரிய சம்பளத்துக்கு வேறு ஊர் போய்விட்டிருந்தான். அரங்கில் பாதி நாற்காலி காலி. ‘வாட்லியை மன்னிப்போம்’ என்று ஒரு நாள் கொண்டாடப் போகிறார்களாம். இடைவேளையில் கார்னெல் வந்து, அதே மூலையிலிருந்து ஒரே ஒரு பந்து போடவேண்டும். அவ்வளவுதான் என்றாள்.

ரொலாண்டா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: “அவங்க உன்னை மன்னிக்கறாங்களா? நீ என்ன கொலையா பண்ணினே?”

“கூப்பிடறாங்களேம்மா.”

“நாயைக்கூடத்தான் கூப்பிடுவாங்க.”

அவன் போவதாகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கிற உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு அந்த ஒரு மூலையிலிருந்து மட்டும் போட்டுப் பழகினான். போட்டுவிட்டால் போதும் என்று நினைத்தான். அன்றைக்குப் போட்டது குருட்டாம்போக்கு இல்லை, இவன் நிஜமான ஆட்டக்காரன்தான் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் சனங்கள் மாறிவிடுவார்கள். நாற்பத்தைந்து வயதில் அவன் அப்படி நம்பினான்.

அன்று அரங்கம் நிரம்பியிருந்தது. கல்லூரியிலிருந்து நரீசாவும் வந்திருந்தாள். ரொலாண்டா வர மறுத்துவிட்டாள். விளக்குகளை அணைத்து, அந்தப் பழைய கூடையைப் பெரிய திரையில் போட்டார்கள். கூட்டம் ஊளையிட்டது, சிரித்துக்கொண்டேதான். அவனுடைய பெயரைச் சொல்லி மைதானத்துக்கு அழைத்தார்கள். பந்து கைக்கு வந்த பிறகுதான் அறிவிப்பாளன் விதியைச் சொன்னான். வாட்லி இந்தப் பந்தைத் தவறவிட்டால், வந்திருக்கிற எல்லாருக்கும் மிளகாய்க் கறி ஊற்றிய ஹாட் டாக் இலவசம். போட்டுவிட்டால் ஒன்றும் கிடையாது.

தனக்குப் போன் செய்த பெண்ணைக் கார்னெல் திரும்பிப் பார்த்தான். அவள் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினாள்.

மறுபடியும் அதே சத்தம் கிளம்பியது: தவறவிடு, தவறவிடு. இந்தத் தடவை குழந்தைகள்கூடக் கத்தின. மகள் பக்கவாட்டில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். கார்னெல் மூலைக்குப் போனான். முழங்கைகளை ஒடுக்கி, தினமும் பழகினானே அப்படியே, ஒரு இம்மியும் மாற்றாமல், கூடையைப் பார்த்துப் போட்டான்.

கால் எழும்பவில்லை. பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது.

அரங்கம் எழுந்து நின்றது. அந்த ஊர் அவனுக்காக எழுந்து நின்று கைதட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். மேலேயிருந்து காகிதத் துண்டுகளைக் கொட்டினார்கள். மன்னித்தாகிவிட்டது என்று அறிவிப்பாளன் ஒலிபெருக்கியில் சொன்னான். நரீசா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“தேங்க்ஸ்ப்பா,” என்றாள் காதோரமாக. “ஒரு தடவையாவது ஜனங்க சொன்னதைக் கேட்டீங்களே.”

அவன் மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். முன்வரிசையில் ஒருவன் கைகொடுத்தான், இன்னொருவன் பியர் வாங்கிக் கொடுத்தான். நீ பெரிய மனசுக்காரன்யா என்று யாரோ சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னான்.

வீட்டுக்கு வந்தபோது ரொலாண்டா தொலைக்காட்சியில் பார்த்திருந்தாள். நரீசா மாடிக்குப் போகும்வரை அடுப்படியிலேயே நின்றாள். பிறகு அவனுக்கு முன்னால் தட்டை வைத்துப் பொரித்த மீனைப் போட்டாள்.

“நான் போடத்தான் பாத்தேன்,” என்றான் கார்னெல்.

“தெரியும். உன் கையைப் பாத்தாலே எனக்குத் தெரியும்.” அவள் எதிரே உட்கார்ந்தாள். “வெளிய யாருகிட்டயும் சொல்லிடாதே. அவகிட்டயும் சொல்லாதே.”

திங்கட்கிழமை கடைக்குப் போனபோது முதலாளி அவனை உதிரிப் பாக அறையிலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றியிருந்தார். மேசையில் அவனுடைய பெயர்ப் பலகை இருந்தது. மத்தியானத்துக்குள் ஐந்தாறு பேர் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். ஒருவர் தன் பேரனைக் கூட்டிவந்து, எப்படித் தவறவிட்டாய் என்று செய்துகாட்டச் சொன்னார். கார்னெல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கையை உயர்த்திக் காட்டினான். அந்த ஆள் அன்றைக்கே ஒரு பிக்கப் வண்டி வாங்கிக்கொண்டு போனார்.